ரீ-டேக் கிடையாது சார்!

‘நீங்க பார்த்ததிலேயே மறக்க முடியாத சினிமா எது?’ என்று ஆபீஸில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். டிபன் பாக்ஸை மூடுவதற்குள் பத்துப் பேர் பதினைந்து படம் சொல்வார்கள். ரெண்டு பேர் சண்டை போட்டுக்கொள்வார்கள். டீ கொண்டு வரும் பையன்கூடத் தன் பங்குக்கு ஒரு பெயரைச் சொல்லிவிட்டுத்தான் கிளாஸ்களைப் பொறுக்குவான்.

அதே கூட்டத்தில், ‘மறக்க முடியாத நாடகம் எது?’ என்று கேளுங்கள். ஒரு நிமிஷம் மௌனம். பிறகு யாராவது ஒருத்தர், ‘‘நம்ம மேனேஜர், ‘இன்க்ரிமென்ட் என் கையில இல்லை’ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டாரே... அதுவா?’’ என்பார்.

தப்பில்லை. அதுவும் நல்ல நடிப்புதான். ஆனால் டிக்கெட் கிடையாது.

நான் பி.காம். எதையும் வரவு-செலவாகப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். அந்தக் கணக்கில் சினிமா ஒரு அசையாச் சொத்து. எடுத்து வைத்துவிட்டால் அம்பது வருஷம் கழித்தும் அதே இடத்தில் அதே ஹீரோ அதே கண்ணாடியை அதே மாதிரி கழற்றுவார். நாடகம் முழுக்க முழுக்கச் செலவு. ராத்திரி ஒன்பதரைக்குத் திரை விழுந்தால் கையிருப்பு பூஜ்யம். அதே நாடகத்தை அதே ஆட்கள் மறுநாள் போட்டாலும் அது வேறு நாடகம். முந்தின நாள் வந்தது? போயே போச்சு.

அப்படிப் போன ராத்திரிகளில் சிலது மட்டும் போக மாட்டேன் என்று என்னிடமே உட்கார்ந்திருக்கின்றன. சிறந்த நடிப்பு, சிறந்த வசனம் என்றெல்லாம் மார்க் போட்டு நான் பொறுக்கியது இல்லை. மேடைக்கும் நாற்காலிக்கும் நடுவில் பத்தடி தூரம் இருக்குமே, அந்தப் பத்தடி திடீரென்று காணாமல் போன ராத்திரிகள். மொத்தம் ஐந்து. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

* * *

முதலாவது, நகர்ந்த பிணம்.

வருஷம் 2012. தமிழ்நாட்டில் மின்வெட்டு தலைவிரித்தாடிய சமயம். சென்னைப் புறநகரில் ஒரு சின்ன ஹால். பகலில் லெட்ஜர் எழுதி ராத்திரியில் வசனம் பேசுகிற சில பாங்க் ஊழியர்கள் சேர்ந்து போட்ட ‘மர்ம நாடகம்’. (குழுவின் பெயர் வேண்டாம். அவர்களிடம் எனக்குக் கடன் பாக்கி இருக்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொள்ளலாம்.)

நடு மேடையில் பணக்காரரின் பிணம். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ‘‘இந்த ரூமை விட்டு யாரும் வெளியே போகக் கூடாது!’’ என்கிறார். கரன்ட் போயிற்று.

ஜெனரேட்டர் இருந்தது. அதை இயக்கத் தெரிந்தவர் சாப்பிடப் போயிருந்தார். நாலைந்து நிமிஷம் கும்மிருட்டு. ஒரு குழந்தை வீறிட்டது. இருட்டில் ‘பட்’ என்று ஒரு சத்தம். யாரோ கொசு அடிக்கிறார்கள். சத்தம் மேடையிலிருந்து வந்தது.

விளக்கு வந்தபோது பிணம், தான் செத்த இடத்திலிருந்து மூணடி தள்ளி, ஃபேனுக்கு நேர் கீழே கிடந்தது.

அரங்கம் சிரிக்க வாயைத் திறந்துவிட்டது. அந்த அரை வினாடியில் இன்ஸ்பெக்டர் செய்ததுதான் விஷயம். அவர் பிணத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். தொப்பியை மாட்டிக்கொண்டார்.

‘‘கான்ஸ்டபிள்! பிணத்தோட பொசிஷன் மாறியிருக்கு. கரன்ட் போன நேரத்துல யாரோ இழுத்திருக்காங்க. அப்படின்னா... கொலைகாரன் இன்னும் இந்த ரூம்லதான் இருக்கான்!’’

கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. பிணத்தின் வயிறு சிரிப்பில் குலுங்குவதைப் பார்த்து மறுபடி கைதட்டல். அந்த நாடகத்தில் கொலைகாரன் யார் என்பது எனக்கு இன்றைக்குச் சுத்தமாக நினைவில்லை. அந்த இன்ஸ்பெக்டரை மட்டும் மறக்கவில்லை.

ஆபீஸ்காரர்கள் அரிதாரம் பூசுவது நேற்று ஆரம்பித்த சமாசாரம் இல்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபாவை ஆரம்பித்தார். படித்தவன் மேடை ஏறினால் பெண் கொடுக்க யோசித்த காலம் அது. படித்தவர்களையும் உத்தியோகஸ்தர்களையும் கூட்டி வைத்து அவர் நடித்தார். பிற்பாடு அவரே நீதிபதியும் ஆனார். கே.பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ் உத்தியோகத்தில் இருந்துகொண்டே நாடகம் போட்டவர். சோ வக்கீல். ஆக, நம் ஊர் மேடையில் பாதிப் பேர் ‘கொஞ்சம் சீக்கிரம் கிளம்பட்டுமா சார்?’ என்று கேட்டுவிட்டு வந்தவர்கள்தான். மேலதிகாரியைத் தினமும் சமாளித்த அனுபவம் நடந்து போகிற பிணத்தைச் சமாளிக்கவும் உதவியிருக்கிறது.

* * *

இரண்டாவது, பக்கத்து சீட் மாமி.

2014 ஜூன். மியூசிக் அகாடமியில் ‘பொன்னியின் செல்வன்’. மேஜிக் லான்டர்ன் குழு போட்டது. கல்கி 1950-லிருந்து 1954 வரை வாராவாரம் எழுதி ஐந்து பாகமாக நிற்கிற கதையை ஒரே மாலையில் முடித்தாக வேண்டும். நம் வீட்டில் ஒரு கல்யாண ஆல்பத்தைப் பார்க்கவே அதைவிட அதிக நேரமாகும்.

என் பக்கத்தில் ஒரு மாமி. மாமிக்கு அந்தப் பக்கம் ஒரு பையன், பதினைந்து வயசு இருக்கும். முகத்தில் செல்போன் வெளிச்சம்.

‘‘1999-ல நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வுல திறந்த வெளியில இதே குரூப் போட்டாளே, அப்பவே நான் பார்த்தாச்சு’’ என்றார் மாமி என்னிடம், கேட்காமலே. ‘‘இவன் அப்ப வயித்துல.’’

பையன் நிமிரவில்லை. வயிற்றுக்குள்ளேயே பார்த்துவிட்டதால் இன்ட்ரஸ்ட் இல்லை போலிருக்கிறது.

விளக்கு அணைந்தது. வந்தியத்தேவன் வந்தான். மாமியின் ரன்னிங் கமென்ட்ரியும் ஆரம்பமாயிற்று. ‘‘இப்ப ஆழ்வார்க்கடியான் வருவான் பாரு... இவதான் நந்தினி, நம்பாதே... அந்தக் கிழவரை நன்னா கவனிச்சுக்கோ.’’ முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பி முறைத்தார்கள். மாமி அவர்களுக்கும் சேர்த்துச் சொன்னார்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கவனித்தேன். செல்போன் வெளிச்சத்தைக் காணோம். பையன் சீட்டின் நுனியில் இருந்தான். மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் மாமியின் புடவைத் தலைப்பை இழுத்து, ‘‘அம்மா, அம்மா... அப்புறம் என்ன ஆகும்?’’ என்றான்.

அது வரைக்கும் ஊருக்கே கதை சொல்லிக்கொண்டிருந்த மாமி சொன்னார்: ‘‘உஸ்! பேசாம பாரு.’’

இடைவேளையில் மாமி காபி வாங்கப் போகவில்லை. பையனும் எழுந்திருக்கவில்லை. திரையைப் பார்த்தபடி இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பதினைந்து வருஷமாக மாமி ஒருத்தியாகவே பத்திரமாக வைத்திருந்த ஒரு ராத்திரிக்கு அன்றைக்குக் கூட்டாளி கிடைத்துவிட்டான்.

* * *

மூன்றாவது, ஒத்திகை இல்லாத கல்யாணம்.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். காலேஜ் நண்பனின் ஊர்த் திருவிழா. ‘வள்ளி திருமணம்’ என்றார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. அவர் மறைந்ததே 1922-ல். இன்னமும் மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துத் திருவிழாக்களில் வள்ளிக்கு வருஷா வருஷம் கல்யாணம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இதை ‘ஸ்பெஷல் நாடகம்’ என்பார்கள். என்ன ஸ்பெஷல் என்றால், இதற்குக் கம்பெனி கிடையாது. வள்ளியை ஓர் ஊரிலிருந்து தனியாக பேசிக் கூட்டி வருவார்கள். நாரதரை வேறோர் ஊரிலிருந்து. முருகன் வேஷக்காரர், பபூன், டான்ஸ்காரி, ஆர்மோனியம், மிருதங்கம் என்று எல்லாருமே தனித்தனி ஆள், தனித்தனிச் சம்பளம், தனித்தனி டிரங்குப் பெட்டி. ராத்திரி ஒன்பது மணிக்குத் தென்னங்கீற்றுக் கொட்டகையில் பவுடர் போடும்போதுதான், ‘‘வாங்க, நல்லாருக்கீகளா?’’ என்று பார்த்துக்கொள்வார்கள். பத்து மணிக்கு மேடை. விடியும்வரை ஆட்டம். ஒத்திகை என்ற பேச்சுக்கே இடமில்லை.

எங்கள் பழைய கம்பெனியில் ஒரே ரூமில் உட்கார்ந்திருந்த ஏழு பேரால், ஏழு மீட்டிங் போட்டும், ஒரு பொங்கல் விழா கோலப்போட்டியை ஒழுங்காக நடத்த முடிந்ததில்லை. அது ஞாபகம் வந்தது.

முதலில் பபூன் வந்தார். அவர் பேசியதை எழுதினால் இந்தப் பத்திரிகையை நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. பிறகு டான்ஸ். குழந்தைகள் தூங்கி, பெரியவர்கள் விழித்துக்கொண்ட நேரத்தில் வள்ளியும் நாரதரும் தர்க்கம் ஆரம்பித்தார்கள். கேள்விக்கு ஒரு பாட்டு, பதிலுக்கு ஒரு பாட்டு, நடுவில் வாய்ச்சண்டை. ஸ்பெஷல் நாடகத்தில் கூட்டம் காத்திருப்பதே இந்தத் தர்க்கத்துக்குத்தான். எதிராளி என்ன கேட்பார் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

அன்றைய வள்ளிக்கு முப்பது வயசு இருக்கும். சிசன் நேரம். தொடர்ந்து நாலாவது ராத்திரி மேடையாம். இரண்டரை மணி சுமாருக்கு மேலே போன குரல் சட்டென்று பிசிறடித்தது. இன்னொரு முறை முயன்றார். கம்மியது. நாரதரோ நல்ல வாட்டசாட்டம். குரல் கண்டாமணி. அவர் கேட்டிருந்த கேள்விக்கு உச்சத்தில் பாடித்தான் பதில் சொல்லியாக வேண்டும். ‘மாட்டினாள்’ என்று நினைத்தேன்.

நாரதர் ஒரு வினாடி வள்ளியின் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த கட்டையை ஒரு தட்டுத் தட்டினார். ‘‘பெண்ணே! நீ வாயைத் திறக்குமுன் உன் கண்ணே பதில் சொல்லிவிட்டது. ஜெயித்தது நீ!’’ என்று சொல்லி, அந்த பதில் பாட்டைத் தானே எடுத்துப் பாட ஆரம்பித்தார்.

பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் தொடையில் தட்டினார். ‘‘கவனிச்சீகளா தம்பி? பெட்டிக்காரன் அரைக் கட்டை எறக்கிட்டான்.’’

‘‘நாரதர் இவ்வளவு சீக்கிரம் தோத்துட்டாரே தாத்தா?’’

‘‘அவன் தோத்தாத்தேன் தர்க்கம் முடியும். தர்க்கம் முடிஞ்சாத்தேன் அந்தப் புள்ள உள்ள போயித் தண்ணி குடிக்கும்.’’

கூட்டத்தில் ஒரு சத்தமில்லை. அத்தனை பேருக்கும் விஷயம் புரிந்திருந்தது. யாரும் விசிலடிக்கவில்லை. வள்ளி உள்ளே போய்விட்டுப் பத்து நிமிஷம் கழித்து வந்து பாடியபோது, குரல் முழுசாகத் திரும்பவில்லை. ஆனாலும் அந்த ஊர் கைதட்டிய மாதிரி நான் எங்கும் கேட்டதில்லை.

‘‘கிட்டப்பா பாட்டை எங்கப்பாரு நேர்ல கேட்டவரு’’ என்றார் பெரியவர். மைக் இல்லாமல் கடைசி ஆள் வரைக்கும் பாடிய எஸ்.ஜி.கிட்டப்பா 1933-ல், இருபத்தேழு வயசில் போய்விட்டார். அவர் பாடிய இசைத்தட்டுகள் இன்றும் உண்டு. ‘‘தட்டு இருக்குல்ல தாத்தா?’’ என்றேன். ‘‘தட்டுல பாட்டு இருக்கு. அன்னைக்கு ராத்திரி இல்லையே தம்பி’’ என்றார்.

விடிந்ததும் பார்த்தேன். பஸ் ஸ்டாப்பில் நாரதர் மதுரை பஸ்ஸுக்கும் வள்ளி திருச்சி பஸ்ஸுக்கும் நின்றிருந்தார்கள். அவர் தலையை ஆட்டினார். இவர் கும்பிட்டார். பஸ் வந்தது. அவ்வளவுதான்.

* * *

நாலாவதுக்குப் போகுமுன் கணக்குப் பிள்ளைகளுக்கு ஒரு சந்தோஷச் செய்தி.

ந.முத்துசாமி என்ற எழுத்தாளர் 1975-ல் சென்னையில் புரிசை நடேசத் தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்தார். பார்த்தவர் பழைய ஆளாகத் திரும்பவில்லை. 1977-ல் கூத்துப்பட்டறை பிறந்தது. பிற்காலத்தில் அந்தப் பட்டறைக்கு பி.காம். படித்த ஓர் இளைஞர் கணக்கு எழுத வந்தார். வரவு செலவு எழுதிக்கொண்டே ஒத்திகைகளை வேடிக்கை பார்த்தார். பெயர் விஜய் சேதுபதி. ஆகவே அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் நண்பர்களே, ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தால் மேனேஜர் திட்டுவார்தான். ஆனால் எந்த ஜன்னல் என்பது முக்கியம்.

முத்துசாமியை அப்படி ஆட்டி வைத்தது என்ன என்று பார்க்கத்தான் 2017 கோடையில் செய்யாறு பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். கூட வந்தவன் சாஃப்ட்வேர் நண்பன். சாப்பாடு வந்தால் முதலில் போட்டோ, பிறகுதான் சோறு என்கிற ஜாதி.

திரௌபதி அம்மன் திருவிழா. பகலில் கோயிலில் பாரதப் பிரசங்கம். ராத்திரியில் அதே கதை கூத்தாக. அர்ச்சுனன் தபசு அன்று, நட்டு வைத்த உயரமான பனைமரத்தில் நடிகர் பாடிக்கொண்டே ஏறுவார். மேலேயிருந்து அவர் போடுகிற விபூதியையும் எலுமிச்சம்பழத்தையும் பிடிக்க, குழந்தை வரம் கேட்டுப் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். கடைசி நாள் படுகளத்தில் துரியோதனன் மண்ணாலேயே பிரம்மாண்டமாகப் படுத்திருப்பான். நாங்கள் போனது துகிலுரிதல் ராத்திரி.

துச்சாதனன் வேஷம் கட்டியவரை முன்னாலேயே அறிமுகப்படுத்தினார்கள். தறி நெய்கிறவர். ஒல்லியான, சாதுவான மனிதர். ‘‘பகல்ல புடவை நெய்யறேன், ராத்திரியில இழுக்கறேன். ரெண்டும் தொழில்தான் சார்’’ என்று அவரே சிரித்தார். ரெண்டு மணி நேரம் முகத்தில் சிவப்பும் கறுப்பும் எழுதி, தலையில் கிரீடம், தோளில் புஜகீர்த்தி, மார்பில் பதக்கம் என்று கட்டைகளை மாட்டி முடித்ததும் அந்தச் சாது எங்கே போனார் என்று தெரியவில்லை. இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து கேட்ட உறுமலில் முன்வரிசைக் குழந்தைகள் இரண்டடி பின்வாங்கின.

கட்டியக்காரன் அதுவரை எல்லாரையும் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். சபைக்குத் திரௌபதியை இழுத்து வந்ததும் அவனே வாயை மூடிக்கொண்டான். திரௌபதி வேஷத்தில் இருந்ததும் ஓர் ஆண்தான். அங்கே இருந்த யாருக்கும் அப்படித் தோன்றவில்லை.

புடவையில் கை வைக்க வேண்டிய நேரம். ஆட்டம் நின்றது. தட்டில் சூடம் வந்தது. துச்சாதனன் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு கட்டைகள் கலகலக்கக் குனிந்து, புடவை கட்டிய அந்த மனிதரின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ‘‘தாயே! வயித்துக்கு வேஷம் கட்டி வந்திருக்கேன். தப்பா எடுத்துக்காதே. எம் புள்ளைங்களைக் காப்பாத்து.’’ தறிக்காரரின் சொந்தக் குரல் அது.

நிமிர்ந்தபோது மறுபடி துச்சாதனன். ஒரு உறுமல். புடவையில் கை.

பெண்கள் பக்கத்தில் ‘ஐயோ’ என்று ஒரு அலறல். ஒரு கிழவி எழுந்து வந்து மண்ணை வாரித் துச்சாதனன் மேல் வீசினாள். ஒருத்தர் சாமியாடி மயங்கி விழுந்தார். மேடையும் கிடையாது, திரையும் கிடையாது. எங்கே கூத்து முடிகிறது, எங்கே ஊர் ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியவில்லை. என் நண்பனைத் திரும்பிப் பார்த்தேன். ராத்திரி பத்து மணியிலிருந்து உயர்த்திப் பிடித்திருந்த செல்போனை எப்போதோ கீழே இறக்கியிருந்தான். கை கூப்பியிருந்தது. அவனுக்கே தெரிந்திருக்காது.

காலையில் டீக்கடை. முகத்துச் சாயம் பாதி கலைந்த துச்சாதனன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மண் வீசிய கிழவி தூக்குவாளியோடு வந்தாள். அவரைப் பார்த்ததும் நின்றாள்.

‘‘அடப் பாவி!’’

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

‘‘என்னா கத்து கத்துன நேத்து! தொண்டை என்னாத்துக்கு ஆவும்?’’ என்றவள் கடைக்காரரைப் பார்த்து, ‘‘இவனுக்கு டீ வேணாம்ப்பா. நல்லா சூடா ஒரு பாலு குடு. காசு நான் தரேன்’’ என்றாள்.

* * *

ஐந்தாவது, சிரிப்பு.

கிரேஸி மோகனின் ‘சாக்லேட் கிருஷ்ணா’. 2008-ல் ஆரம்பித்து நூற்றுக்கணக்கான தடவை மேடை ஏறியது. கிருஷ்ணராக மோகன். மாதுவாக அவர் தம்பி பாலாஜி. மோகன் நாடகங்களில் ஹீரோ பெயர் மாது, ஹீரோயின் ஜானகி. நாடகம் மாறும், பெயர் மாறாது. ஜானகி என்பது சின்ன வயசில் அவரை மேடை ஏற்றிய டீச்சரின் பெயர். கிண்டியில் இன்ஜினீயரிங் படித்தவர், டீச்சருக்கு இப்படிக் கட்டணம் செலுத்தினார்.

அந்த நாடகத்தை நான் மூன்று தடவை பார்த்தேன். முதல் தடவை பாதிதான் காதில் விழுந்தது. ஒரு ஜோக்குக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த இரண்டு கடந்து போய்விடும். விட்டதைப் பிடிக்க மறுபடி போனால், முன்பு விட்ட இடத்தில் சிரித்து வேறு இரண்டைக் கோட்டை விடுவோம். எண்ணூறு பேர் ஒரே மூச்சில் சிரிக்கும்போது சீட்டின் கைப்பிடி அதிரும். மேடையில் இருப்பவர்கள் அந்தச் சிரிப்பு இறங்குவதற்காகக் காத்திருந்து, சரியாக முக்கால்வாசி இறங்கியதும் அடுத்ததை வீசுவார்கள். நாம் ஒரு வசனம், அவர்கள் ஒரு வசனம். நம்முடைய வசனம் சிரிப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் தடவையே என் பழைய ஆபீஸ் ஆடிட் செக்‌ஷன் சார் ஒருவரைக் கூப்பிட்டேன். என்னைவிட இருபது வயசு பெரியவர். ‘‘மார்ச் முடியட்டும்ப்பா’’ என்றார். அடுத்த தடவை, ‘‘செப்டம்பர் ஃபைலிங் முடியட்டும்.’’ மூன்றாவது தடவை, ‘‘இவங்க எங்கே போயிடப் போறாங்க? வருஷம் பூராத்தான் போடறாங்களே!’’

2019 ஜூன் 10. மோகன் காலமானார். வயசு 66. அன்று ராத்திரி சாரிடமிருந்து போன்.

‘‘யூடியூப்ல இருக்குமில்லப்பா?’’

‘‘தேடினா கிடைக்கும் சார்.’’

ரெண்டு நாள் கழித்து அவரே மறுபடி கூப்பிட்டார். ‘‘பார்த்தேன். ரொம்ப நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு விஷயம். ஹால்ல அத்தனை பேர் சிரிக்கிறாங்க. நான் மட்டும் வெளியில நின்னு கேட்கிற மாதிரி இருக்குப்பா.’’

மோகனுக்குப் பிறகும் அந்தக் குழு நாடகம் போட்டது. போட வேண்டும். மேடையின் சட்டம் அது. வள்ளிக்குக் குரல் போனால் நாரதர் பாட வேண்டும், பிணம் நகர்ந்தால் இன்ஸ்பெக்டர் பேச வேண்டும். ஆனால் அந்தக் கிருஷ்ணரை அந்த ஹாலில் உட்கார்ந்து பார்த்தவர்களின் எண்ணிக்கை அன்றோடு முடிந்தது. அந்த லெட்ஜரில் புதிய பெயர் சேர்க்க இனி யாராலும் முடியாது.

* * *

சார் இப்போது ரிட்டையர் ஆகிவிட்டார். சனிக்கிழமைகளில் நான் கூப்பிடுவதற்கு முன்னால் அவர் கூப்பிடுகிறார். சமீபத்தில் புதுப் பையன்கள் நாலைந்து பேர் சேர்ந்து போட்ட ஒரு நாடகத்துக்குப் போனோம். வந்தவர்கள் 43 பேர். சார்தான் எண்ணினார், பழக்க தோஷம். டிக்கெட் 200 ரூபாய். ‘‘எட்டாயிரத்து அறுநூறு. ஹால் வாடகைக்கே காணாதுப்பா’’ என்று உதட்டைப் பிதுக்கினார்.

சினிமாவுக்கு 43 பேர் வந்தால் ஹீரோவுக்குத் தெரியாது. அவர் பாட்டுக்குப் பத்துப் பேரை அடித்துக்கொண்டிருப்பார். இங்கே தெரியும். ஹீரோவாக வந்த பையன் முதல் சீனில் காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டான். குரல் உள்ளே போயிற்று. ரெண்டாவது சீனும் தடுமாற்றம். மூணாவது சீனில் ஒரு சுமாரான ஜோக் வந்தது. சார் ‘ஹ்ஹா’ என்று பெரிசாகச் சிரித்தார். தொடர்ந்து நாலு பேர். பிறகு பத்துப் பேர். பையன் நிமிர்ந்தான். அதற்கப்புறம் நானூறு பேர் இருக்கிற ஹாலில் நடிப்பவன் மாதிரி நடித்தான்.

முடிந்ததும் குழு முழுவதும் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னது. பாதி மீசை ஒட்டிய முகத்தோடு அந்தப் பையன் சாரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

‘‘சார், மூணாவது சீன்ல நீங்கதானே சிரிச்சீங்க? இருட்டுல ஆள் தெரியலை, குரல் ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம்தான் சார் எனக்கு தைரியமே வந்துது.’’

முப்பத்தைந்து வருஷம் ஆடிட் பண்ணிய மனிதர். அவரைப் பார்த்து தைரியம் வந்ததாக யாரும் அதுவரை சொன்னதில்லை. ஒன்றும் பேசாமல் அவன் தோளில் தட்டிவிட்டு வந்தார்.

பைக்கில் திரும்பும்போது பின்னாலிருந்து கேட்டார்: ‘‘அந்தப் பசங்க அடுத்த ஷோ எப்பப்பா?’’

‘‘ஜூலை கடைசி வாரம் சார். ஆனா அப்ப நீங்க பத்துப் பேருக்கு ரிட்டர்ன் ஃபைல் பண்ணித் தரணும்னு சொன்னீங்களே?’’

‘‘ரிட்டர்ன்ல தப்பு வந்தா ரிவைஸ்டு ரிட்டர்ன் போட்டுக்கலாம்ப்பா. இதுக்கு ரிவைஸ்டு கிடையாது. நீ டிக்கெட்டைப் போடு!’’